சூளைக்கு ஃபேன் போட்ட வீரன்

பிள்ளைகளே, ஒரு வேலை நன்றாகத் தெரிந்தவனை நம்பலாம். ஒரு வேலை தெரிந்ததால் எல்லா வேலையும் தெரியும் என்று நினைப்பவனை நம்பக் கூடாது. உங்கள் அப்பா இரண்டாவது ரகம்.

அப்போது ஹல்துமுல்லைப் பக்கத்தில் தேயிலைத் தொழிற்சாலையில் ட்ரையர் மெஷினோடு நின்றேன். (மெஷின் வேலை செய்தது. நான் நின்றேன்.) ட்ரையரிலிருந்து வந்த தேயிலையை உடனே பரப்பி ஆறவைக்க வேண்டும். எனக்குத் தெரிந்த மொத்த விஞ்ஞானமும் அவ்வளவுதான்.

உங்கள் அம்மா பிறந்த வீட்டில் மண்பானை செய்யும் வேலை உண்டு. அந்த வருஷத் தைப்பொங்கலுக்கு எங்கள் லயத்து வரிசை வீடுகள் முழுக்கத் தானே பானை செய்து தருவதாகச் சொல்லிவிட்டாள். கல்யாணமாகி வந்தபின் அவள் மண்ணைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அக்கம்பக்கத்தார் பதுளைக்குப் போய்ப் பானை வாங்காமல் அவளை நம்பி இருந்தார்கள்.

பொங்கலுக்கு முதல் நாள், அம்மா பானைகளை அடுக்கிச் சுட்ட சூளையில் நெருப்பு அடங்கியது. அம்மா மேலே சாம்பலை மூடி, வாயை மண்ணால் பூசினாள்.

"என்னங்க, காலையிலதான் திறக்கணும். தானா ஆறட்டும். கைய வச்சிராதீங்க" என்று சொல்லிவிட்டுக் கரும்பு வாங்கப் போனாள்.

பக்கத்து வீட்டு முனியாண்டி வந்தான்.

"அண்ணே, வெள்ளனவே பொங்கணும். பானை எப்ப கெடைக்கும்?"

"இப்பவே தர்றேன்டா."

"அக்கா திறக்க வேணாம்னாங்களே?"

"அக்காவுக்கு மண்ணு தெரியும். சூடு நம்ம டிப்பார்ட்மெண்ட்."

சூளையின் வாயை உடைத்தேன். சாம்பலைத் தள்ளினேன். வீட்டிலிருந்து வயர் இழுத்து, மேசை ஃபேனைக் கொண்டுவந்து முழு வேகத்தில் வைத்தேன். ஹல்துமுல்லைக் காற்றும் சம்பளம் கேட்காமல் உதவிக்கு வந்தது.

'டிங்' என்றது.

"என்னண்ணே அது?"

"பானை இறுகுதுடா." (அதை நான் நம்பித்தான் சொன்னேன்.)

டிங். டொக். படார்.

"அண்ணே, இறுகி இறுகித் துண்டாப் போகுதுண்ணே!"

கரும்போடு வந்த அம்மா கத்தவில்லை. ஃபேனை நிறுத்தினாள். "வெளித்தோலு குளுந்து சுருங்குது, உள்ள இன்னும் கொதிக்குது. ரெண்டு பக்கமும் இழுத்தா பானை என்னங்க பண்ணும்?" என்று மெல்லக் கேட்டாள். அந்த மெல்லிய குரலுக்குப் பதிலாக அவள் கரும்பால் அடித்திருக்கலாம்.

ஃபேன் காற்று எட்டாத மூலையில், சாம்பலுக்குள் ஒரே ஒரு பானை முழுசாக இருந்தது. அம்மா அதை மறுபடி மூடி, காலை வரை சூளையை விட்டு நகரவில்லை. நான் அந்தப் பக்கமே போகவில்லை.

விடிந்ததும் வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசி கொண்டுவந்து, அந்த ஒரே பானையில் லயமே சேர்ந்து பொங்கியது. பால் பொங்கி வழிந்தபோது எல்லோரும் அம்மாவைப் பார்த்துக் குலவையிட்டார்கள். முனியாண்டி மட்டும் என்னைப் பார்த்து, "அண்ணே, பொங்கல் சுடுது. ஃபேன் இருக்கா?" என்றான்.

இன்றைக்கும் அம்மா கோபமாக இருக்கும்போது நான் சமாதானம் பேசப் போனால், நீங்கள் இரண்டு பேரும் என் சட்டையைப் பிடித்து இழுக்கிறீர்கள்.

"அப்பா, சூளைய திறக்காதீங்க. தானா ஆறட்டும்."

ஆறும்வரை நான் வெளியே நிற்கிறேன். நிற்பதில்தான் எனக்கு நல்ல அனுபவம் இருக்கிறதே.