தூங்குற பிள்ளையைக் கை மாத்தக் கூடாது

"இந்தத் தடவை நான் பை தூக்கப் போறதில்ல" என்று லிஃப்ட்காரர் பல் துலக்கிக்கொண்டே சபதம் எடுத்தார். வாய் நிறைய நுரை. சமையலறையிலிருந்து மனைவி "என்னது?" என்று கேட்டாள். கொப்பளித்துத் துப்பிவிட்டு, "ஒண்ணுமில்ல" என்றார். சபதம் பத்திரமாக வாய்க்குள்ளேயே இருந்தது.

ஒரு பைக்கு இத்தனை ரோஷமா என்று கேட்பீர்கள். அவர் படுகிற பாடு பட்டவர்களுக்குத்தான் தெரியும். அவருக்கு உயரமான கட்டிடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. ஊரில் உள்ளவர்களையெல்லாம் மேலே அனுப்பிவிட்டு, தான் மட்டும் அடியில் இருக்கும் குழிக்குள் கிரீஸ் கையோடு நிற்கிறவர். தீம் பார்க்குக்குப் போனாலும் அதே தலையெழுத்துதான். எல்லாரும் மேலே போய்க் கத்துவார்கள். இவர் கீழே தண்ணீர் பாட்டில், மாற்றுத்துணி, யாருடையது என்றே தெரியாத ஒற்றைச் செருப்பு எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு நிற்பார். அங்கே எடுத்த போட்டோ ஒன்றில்கூட மனுஷன் கிடையாது. பைகள் இருக்கும்.

ஆனால் இந்தத் தடவை விஷயம் வேறு. அந்தப் பார்க்கில் "மலைப்பாம்பு" என்று ஒரு ரோலர் கோஸ்டர் உண்டு. அதன் வாசலில் மரத்தில் செய்த ஒட்டகச்சிவிங்கி நிற்கும். அதன் வயிற்றில் போட்ட சிவப்புக் கோட்டை எட்டினால்தான் உள்ளே விடுவார்கள். முன்பு ஒரு தடவை அவருடைய பெரியவள் ஒரு விரல்கடை குறைந்து, அந்த ஒட்டகச்சிவிங்கியைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நான் வளர்ந்ததும் நீங்கதான் என் பக்கத்துல உக்காரணும்பா" என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

இப்போது வளர்ந்துவிட்டாள். பதின்மூன்று வயது. சிநேகிதிகள் எதிரே வந்தால் அப்பாவை விட்டு நாலடி தள்ளி நடக்கிறாள். இந்த வருஷத்தை விட்டால் அடுத்த வருஷம் பக்கத்தில் உட்காரக் கூப்பிடுவாளா என்பது சந்தேகம்தான். ஆகவே, மலைப்பாம்பில் மகளுக்குப் பக்கத்து இருக்கை அவருடையது. தலை போனாலும் விடுவதாக இல்லை.

குறுக்கே இருந்தது ஒரே ஒரு ஆள். இரண்டு வயதுப் பாப்பா. அவளோடு யாராவது கீழே இருந்தாக வேண்டும். அந்த யாராவது இவ்வளவு காலமும் யார் என்று சொல்லத் தேவையில்லை.

அங்கேதான் லிஃப்ட்காரர் மூளையைக் கசக்கினார். பக்கத்து வீட்டு டெய்லர் குடும்பத்தையும் சேர்த்து அழைத்துப் போவதென்று முடிவு செய்தார். டெய்லர் தங்கமான மனுஷன், ஆனால் பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறினாலே சுவரைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறவர். மலைப்பாம்பைக் கண்ணால் பார்த்தாலே பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். இன்னொரு வசதியும் உண்டு. பாப்பாவை எப்போதாவது டெய்லர் கடையில் விட்டால், அவர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டே தைப்பார். கொஞ்ச நேரத்தில் பாப்பா வாயைப் பிளந்துகொண்டு தூங்கிப்போவாள். டெய்லர் தோளில் ஏதோ ராசி இருக்கிறது என்று லிஃப்ட்காரர் கணக்குப் போட்டார்.

டெய்லர் வரத் தயங்கினார். உயரமான மெஷின் எதையும் தான் நம்புவதில்லை என்றார். லிஃப்ட்காரர் கடையிலேயே உட்கார்ந்து, பிரேக் எப்படிப் பிடிக்கும், ஒன்று விட்டால் இன்னொன்று எப்படித் தாங்கும், பெல்ட் ஏன் கழன்று போகாது என்று ஒரு பிரசங்கமே செய்துவிட்டார். டெய்லர் ஊசியில் நூல் கோர்க்கவும் மறந்து கேட்டார். கடைசியில் வருவதாக ஒப்புக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் லிஃப்ட்காரர் வீட்டுக் கூடத்தில் கூடித் திட்டம் போட்டது. டெய்லருக்கும் இரண்டு பிள்ளைகள். பத்து வயதுப் பையன் ஒட்டகச்சிவிங்கியைத் தாண்டிவிடுவான். ஐந்து வயதுப் பெண், வாலு என்று பெயர் வாங்கியவள், தாண்ட மாட்டாள். பெரியவள் தண்ணீர் விளையாட்டே வேண்டாம் என்றாள், பையன் அது மட்டும்தான் வேண்டும் என்றான், வாலு பொம்மை ரயிலில் எட்டுத் தடவை போகணும் என்றாள். எல்லாவற்றையும் லிஃப்ட்காரரின் மனைவிதான் பேசிச் சமாளித்தாள். கடைசியில் பேச்சு மலைப்பாம்புக்கு வந்தது.

"சின்னதுங்களோட யார் கீழ இருக்கறது?" என்று கேட்டார் டெய்லர் மனைவி.

லிஃப்ட்காரர் கூரையைப் பார்த்தார்.

"ஒரு நியாயமான வழி சொல்லட்டுமா?" என்றாள் அவர் மனைவி. "பாப்பா மத்தியானம் எப்படியும் தூங்கிடுவா. யார் தோள்ல தூங்குறாளோ அவங்க கீழ இருக்கட்டும், வாலுவையும் பாத்துக்கட்டும். தூங்குற பிள்ளையைக் கை மாத்தக் கூடாது."

தங்கத்தட்டில் வைத்து நீட்டிய மாதிரி இருந்தது லிஃப்ட்காரருக்கு. "இதைவிட நியாயம் கிடையாது" என்று உடனே கையைத் தூக்கினார். அதோடு விட்டாரா? பின்னால் யாரும் பேச்சு மாறக் கூடாது என்று எல்லாரிடமும் சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

மறுநாளிலிருந்து வீட்டில் ஒரு புதுமை ஆரம்பித்தது. பாப்பா அம்மாவிடம் தூங்க மாட்டேன் என்கிறாளாம். "என்னன்னு தெரியல, உங்க கை பட்டாத்தான் அடங்குறா" என்று மனைவி பாப்பாவைக் கொண்டுவந்து நீட்டினாள். லிஃப்ட்காரர் தோளில் போட்டு முதுகில் தட்டினார். பாப்பா தூங்கினாள். "என்ன மந்திரம் வச்சிருக்கீங்களோ" என்று மனைவி வியந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் இவரைப் பார்த்து வியந்ததே இல்லை. தினமும் அதே நேரத்தில் பாப்பா தோளுக்கு வந்தாள், தினமும் வியப்பும் கூடவே வந்தது. வேலை செய்கிற இடத்தில் ஆட்களைக் கூப்பிட்டு, பிள்ளையைத் தூங்க வைப்பது ஒரு கலை என்று வகுப்பெடுக்கும் அளவுக்குப் போய்விட்டார்.

இத்தனைக்கும் அவர் மனைவிக்கு வேலை குழந்தைகள் காப்பகத்தில். வேலைக்குப் போகிற தாய் தகப்பன் விட்டுவிட்டுப் போகும் பொடிசுகளை நாள் முழுக்கப் பார்த்துக்கொள்கிறவள். பாப்பாவும் வாலுவும்கூடப் பகலில் அங்கேதான். அது அவருக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் புகழ்ச்சி காதில் விழும்போது மூளை கதவைச் சாத்திக்கொள்ளும். சாயங்காலத் தோள் தன்னுடையது, மத்தியானத் தோள் டெய்லருடையது, பார்க்குக்குப் போவது பகலில், ஆகவே கவலையில்லை என்று இருந்துவிட்டார்.

போகிற நாள் வந்தது. மனைவி விடியும் முன்பே பாப்பாவை எழுப்பி உட்கார வைத்துவிட்டாள். வேனில் வழி நெடுகப் பாட்டு, கைதட்டல், ஜன்னலில் மாடு காட்டுவது, லாரி காட்டுவது. பாப்பா கண் சொருகும்போதெல்லாம் புதுப் பாட்டு. உற்சாகத்தில் இருக்கிறாள் என்று நினைத்து லிஃப்ட்காரரும் கூடச் சேர்ந்து பாடினார்.

மத்தியானம் ஒட்டகச்சிவிங்கிக்கு முன்னால் வந்து நின்றார்கள். பெரியவள் கோட்டைத் தாண்டி ஒரு சாண் நின்றாள். "அப்பா, முன் வரிசை" என்று அவர் கையைப் பிடித்தாள். அவருக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. சிணுங்கிக்கொண்டிருந்த பாப்பாவை அள்ளி டெய்லர் தோளில் சாத்தினார்.

பாப்பா போட்ட சத்தத்தில் மலைப்பாம்பிலிருந்து இறங்கியவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். டெய்லர் தட்டினார், ஆட்டினார், ஒரு காலில் நின்றும் பார்த்தார். பாப்பா முதுகை வில்லாக வளைத்தாள்.

"கடையில தூங்குவாளே டெய்லர்?" என்றார் லிஃப்ட்காரர்.

"கடையில மெஷின் ஓடும்ல அண்ணே. அந்தச் சத்தத்துக்குத் தூங்குறா. என் தோள்ல என்ன இருக்கு?"

நாள் முழுக்க மெஷினோடு கிடக்கிறவருக்கு அந்த ஒரு மெஷின் மட்டும் காதில் விழாமல் போயிருக்கிறது. பாப்பா இரண்டு கையையும் அப்பாவை நோக்கி நீட்டினாள். பெற்ற மனம் கேட்குமா? வாங்கினார். தோளில் தலை பட்டதுதான் தாமதம், பாப்பா கட்டை மாதிரி தூங்கிப்போனாள்.

சத்தியம் வாங்கியவரே அவர்தானே. மனைவி பைகளை ஒவ்வொன்றாக அவர் பக்கத்தில் பெஞ்சில் அடுக்கினாள். வாலுவை அடுத்த முனையில் உட்கார வைத்தாள். டெய்லராவது துணைக்கு இருப்பார் என்று பார்த்தால், அவர் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டு வரிசையில் நின்றார்.

"நீங்க சொன்ன பிறகு பயமே போயிடுச்சு அண்ணே" என்றார். "ஒரு பிரேக் விட்டாலும் இன்னொண்ணு தாங்கும்ல?"

மலைப்பாம்பு உச்சிக்கு ஏறியது. முன் வரிசையில் பெரியவளும் அவள் அம்மாவும். பின்னால் டெய்லர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு போனார். கவிழ்ந்து இறங்கும்போது எழுந்த கூச்சலில் மனைவியின் குரலை லிஃப்ட்காரர் தனியாகக் கண்டுபிடித்தார். இவ்வளவு சந்தோஷமாக அவள் கத்தி அவர் கேட்டதில்லை.

இறங்கி வந்தவள் தலைகலைந்து, முகம் சிவந்து நின்றாள். "பாவம், நீங்க ஒரு தடவை போயிட்டு வாங்க. பிள்ளையைக் குடுங்க" என்றாள். லிஃப்ட்காரர் துள்ளி எழுந்தார். பாப்பா தூக்கத்திலேயே காலரைப் பிடித்து வீறிட்டாள். உட்கார்ந்தார். அடங்கினாள்.

"பாத்தீங்களா, உங்களை விட்டா யாருகிட்டயும் இருக்க மாட்டேங்குறா" என்றாள் மனைவி. பெரியவள், "பரவாயில்லப்பா, நான் அம்மாகூடவே இன்னொரு ரவுண்டு போறேன்" என்று ஓடினாள். அந்தப் பரவாயில்லைதான் அவருக்கு நெஞ்சில் தைத்தது.

வாலு நகர்ந்து நகர்ந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அவர் தட்டுவதையே பார்த்தாள்.

"ஏன் மாமா முதுகுல தட்டுறீங்க? அத்தை அப்படிப் பண்ண மாட்டாங்களே."

"அத்தைகிட்ட யாரு தூங்குறா?" என்றார் லிஃப்ட்காரர்.

"நாங்க எல்லாரும்தான். காப்பகத்துல அத்தை நெத்தியில ஒரு விரல் வச்சு இப்படிச் சுத்துவாங்க. உடனே தூங்கிடுவோம். பாப்பாவும்தான். நான்கூடத் தூங்கக் கூடாதுன்னு பாத்தேன் மாமா, முடியல."

லிஃப்ட்காரர் தட்டுவதை நிறுத்தினார். தினமும் ஒரு கூடம் நிறையப் பிள்ளைகளைத் தூங்க வைக்கிறவள், ஒன்றே ஒன்றைத் தூங்க வைக்கத் தெரியாமல் தன்னிடம் கொண்டுவந்து நீட்டியிருக்கிறாள். இவரும் வாங்கித் தட்டியிருக்கிறார். விடியும் முன் எழுப்பியது, வழியெல்லாம் பாடியது, எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. கூடவே பாடினோமே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. இன்றைக்கு விடுவதில்லை, வேனில் வைத்தே கேட்டுவிடுவது என்று புதிதாக ஒரு சபதம் எடுத்தார். இந்தத் தடவை வாயில் நுரை இல்லை.

வேனுக்கு நடக்கும்போது பெரியவள் வந்து அவர் கையில் கையைக் கோர்த்துக்கொண்டாள். "அடுத்த வருஷம் நீங்கதான்பா என் பக்கத்துல" என்றாள். அவர் அந்தக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஆனாலும் வழக்கு வழக்குதான்.

வேன் கிளம்பியது. மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்று கம்பீரமாக ஆரம்பித்தார்.

"கேளுங்க. நாள் முழுக்கப் பிள்ளையைச் சுமந்து களைச்சுப் போயிட்டீங்க" என்று அவர் நெற்றியில் ஒரு விரலை வைத்தாள். புருவத்துக்கு நடுவில், மெதுவாக ஒரு வட்டம்.

"இல்ல, பாப்பா விஷயத்துல நீ..."

"ம், சொல்லுங்க."

"நீ வேணும்னே..."

அவர் கண்ணைத் திறந்தபோது வேன் வீட்டு வாசலில் நின்றது. எல்லாரும் இறங்கி உள்ளே போயாயிற்று. பைகள் அத்தனையும் அவர் மடியில் இருந்தன. வாலு மட்டும் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தபடி நின்றாள்.

"நான்தான் அப்பவே சொன்னேனே மாமா" என்றாள்.