பதினாலாயிரம் கிலோமீட்டர், ஒரு அண்டா பிரியாணி

"அடுப்ப அணைச்சிரு ஆசிக். கணக்கு இடிக்குது" என்றார் ஜமாலுதீன்.

சமையல்காரர் ஆசிக் தலையாட்டிவிட்டு விறகை வெளியே இழுத்தார்.

ஜமாலுதீன் இருபது வருடம் குவைத்துக்குப் போய் வந்தவர் என்பதால், விமானத்தில் எந்தச் சந்தேகம் என்றாலும் கடலூர் செம்மண்டலத்தில் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். ஏறியதும் தூங்கி, இறங்கும்போதுதான் அவர் கண் விழிப்பார் என்பது ஊருக்குத் தெரியாது.

மகள் ஃபர்ஹானா மூன்று வருடம் கழித்து மாப்பிள்ளையோடு அமெரிக்காவிலிருந்து வருகிறாள். மாப்பிள்ளை வீடு சிதம்பரம். சென்னையிலிருந்து வந்தால் கடலூரைத் தாண்டித்தானே சிதம்பரம்? ஆகவே முதல் விருந்து என் வீட்டில்தான் என்று சம்பந்தியிடம் போனில் அடித்துப் பேசியிருந்தார். வீம்பு பாதி என்றால் ஆசை பாதி. மகள் ஊர் மண்ணை மிதித்ததும் முதல் வாய் தன் வீட்டில், அதுவும் சூடாகச் சாப்பிட வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு சான்பிரான்சிஸ்கோவில் ஏறுவதாக அவள் சொல்லியிருந்தாள். அதோடு அவள் போன் அணைந்துவிட்டது. தூரம் பதினாலாயிரம் கிலோமீட்டர் என்று இணையத்தில் பார்த்தார். மணிக்குத் தொள்ளாயிரம் என்று வகுத்தார். பதினைந்தரை மணி நேரம். ஞாயிறு காலை ஏழரைக்குச் சென்னை, பதினொன்றரைக்குக் கடலூர். விடிந்ததும் அடுப்பு மூட்டியாயிற்று.

அப்போதுதான் மனைவி ஆரிபா கேட்டாள்: "அங்க பகல்னா இங்க ராத்திரியாச்சே, அதச் சேத்தீங்களா?"

சேர்க்கவில்லை. பன்னிரண்டரை மணி நேரத்தைக் கூட்டினார், நள்ளிரவு வந்தது. அடுப்பு அணைந்தது அதனால்தான்.

பிறகு துபாயில் நாலு மணி நேரம் நிற்கும் என்பது ஞாபகம் வந்தது. திங்கள் விடிகாலை ஆயிற்று. ஊறவைத்த கறியை அடுத்த வீட்டு லோகநாயகியின் ஃப்ரிட்ஜில் வைக்கச் சொன்னார். இடமில்லாமல் வெளியே வந்த அவளுடைய தோசை மாவு வெயிலில் பொங்கி வாசல்வரை வழிந்தது. அவள் பேசியதை இங்கே எழுத முடியாது.

கூட்டுவதா கழிப்பதா என்று அடுத்த சந்தேகம். கழித்துப் பார்த்தார். நேற்றே சென்னையில் இறங்கிவிட்டார்கள் என்று விடை வந்தது. எட்டாவதில் கணக்கில் கோட்டை விட்டவன் புத்தி எங்கே போகும் என்று தன்னையே திட்டிக்கொண்டு தாளைக் கிழித்துப் போட்டார்.

பன்னிரண்டு மணிக்குக் கொல்லைப்பக்கம் போனால், கறி ஃப்ரிட்ஜிலிருந்து திரும்பி வந்திருந்தது; அண்டா மூடியின் மேல் கங்கு கனன்றுகொண்டிருந்தது.

"யாரக் கேட்டுத் தம் போட்ட? அவுங்க எப்ப வருவாங்கன்னு எனக்கே தெரியல. ஃப்ளைட்டே ஏறாத ஒனக்கு எப்படித் தெரியும்?"

ஆசிக் கங்கை நிதானமாகப் பரப்பினார்.

"ஒரு மணிக்கு வந்துருவாங்க மாமா. ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு ஃபர்ஹானா சொல்லியிருக்கு. ஆனா நேத்து சிதம்பரத்துல அவுங்களுக்கு விருந்து ஆக்குனதே நான்தான்."