பன்னிரண்டு வரைக்கும்

இந்தத் தடவை கொல்லிமலைக்குப் போகும் வேனில் மச்சான் கந்தப்பனை ஏற்றுவதில்லை என்று நவநீதகிருஷ்ணன் முடிவு செய்தார். நாமக்கல் லாரி புக்கிங் ஆபீஸில் இருபத்தாறு வருஷமாக எத்தனையோ லோடுகளை ஏற்றி இறக்கியவர். ஒரு மச்சானை இறக்க முடியாதா என்ன?

கந்தப்பன், மனைவி சௌந்திரத்தின் அண்ணன். மேச்சேரியில் ஆடு வளர்க்கிறார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் எந்த வேனில் ஏறினாலும் டிரைவர் பக்கத்து சீட்டில்தான் உட்காருவார். உட்கார்ந்ததும் ஆட்டைப் பற்றி ஆரம்பிப்பார். கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு. போன வருஷம் வளைவுக்கு ஒன்றாக எழுபது ஆட்டின் சரித்திரத்தையும் சொல்லி முடித்தார். கடைசி சீட்டில் ஸ்டெப்னி டயர்மேல் காலை வைத்துக்கொண்டு வந்த நவநீதகிருஷ்ணனுக்கு எது ஆடு, எது ஆடுகிறது என்றே தெரியாமல் போய்விட்டது.

இந்த வருஷம் வேனில் பன்னிரண்டு பேருக்குத்தான் இடம். வருகிறேன் என்றவர்கள் பதின்மூன்று பேர். ஒருவரைக் கழிக்க வேண்டும். அது கந்தப்பன் என்று வாய்விட்டுச் சொன்னால் ஊடு ரெண்டாகிவிடும். அங்கேதான் பைத்தான் கைகொடுத்தது.

ஐம்பத்திரண்டு வயதில் அவர் பைத்தான் படித்துக்கொண்டிருந்தார். "உங்களுக்கு அதெல்லாம் வராது சார்" என்று ஆபீஸில் ஒருத்தர் சொன்னதால் வந்த ரோஷம். சாயங்காலம் லேப்டாப்பில் பாட வீடியோ ஓடும். சௌந்திரம் பக்கத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிப்பாள். அன்றைய பாடம், ஒரு பட்டியலில் வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி எடுப்பது. ஸ்லைஸ் என்று பெயர்.

"ரொட்டிங்களா?" என்றாள் சௌந்திரம்.

"லிஸ்ட்டை வெட்டறது. எங்கிருந்து, எதுவரைக்கும்னு ரெண்டு நம்பர் போட்டு, நடுவால கோலன் வெக்கோணும்."

"கோலமுங்களா?"

"கோலன். மேல ஒரு புள்ளி, கீழ ஒரு புள்ளி."

"ரெண்டு புள்ளிய வெச்சு என்னத்தைங்க கோலம் போடறது," என்று அவள் வெங்காயத்துக்குத் திரும்பினாள்.

வாத்தியார் ரெண்டு விஷயம் சொன்னார். பட்டியலில் முதல் ஆளுக்கு எண் ஒன்று இல்லை, பூஜ்யம். அப்புறம், பன்னிரண்டு வரைக்கும் என்று கேட்டால் பதினொன்றோடு நின்றுவிடும். பன்னிரண்டாம் எண்காரர் வரமாட்டார்.

நவநீதகிருஷ்ணனுக்கு உடம்பு சிலிர்த்தது. வரைக்கும் என்று வாயாரச் சொல்லிவிட்டு ஆளை வாசலிலேயே நிறுத்திவிடுகிறதே. பாடம் முடியும்வரை அவருக்குப் பொறுக்கவில்லை. சௌந்திரத்தின் போனில் ஓடட்டும் என்று வீடியோவை அதற்கு மாற்றிவிட்டு, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்ப் பதின்மூன்று பேரையும் அடித்தார். பூஜ்யத்தில் தான். பன்னிரண்டில் கந்தப்பன்.

அடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஓர் அறிவிப்பு: "வேனில் யார் யார் என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்யும். அது தரும் லிஸ்ட்டில் யாரும் கை வைக்கக் கூடாது, நான் உள்பட." எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கினார்கள்.

பிறகு சௌந்திரத்தைக் கூப்பிட்டார்.

"பூஜ்யத்துல இருந்து பன்னெண்டு வரைக்கும்னு போட்டிருக்கறேன், பாத்துக்க."

"அப்ப எல்லாருமே வந்துருவாங்கல்லீங்க?"

தட்டினார். பன்னிரண்டு பேர் வந்தார்கள்.

"எங்கண்ணனைக் காணமுங்க."

"கம்ப்யூட்டர் எடுக்கல. நான் என்ன பண்ணட்டும்? எனக்கும் வருத்தமாத்தான் இருக்குது." வருத்தமாக முகத்தை வைத்துக்கொள்ளப் பார்த்தார். மீசை ஒத்துழைக்கவில்லை.

"அதுவே சொன்னதுக்கப்பறம் என்னங்க பண்றது. நீங்க போய்த் தண்ணி வாத்துக்கிட்டு வாங்க. நானே குரூப்புல போட்டுடறேன்."

இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் சௌந்திரம் இவ்வளவு சுலபத்தில் எதற்கும் ஒத்துக்கொண்டதில்லை. அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பாட்டுப் பாடிக்கொண்டே சோப்புப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வாசலில் வேன். கந்தப்பன் மட்டும் வழியில் சேந்தமங்கலத்தில் ஏறிக்கொள்வதாக ஏற்பாடு என்று, குரூப்பில் வந்த லிஸ்ட்டைப் பார்த்த மற்றவர்களுக்குத் தெரிந்திருந்தது. தான் போட்ட லிஸ்ட்டுதானே என்று அதைத் திறந்தே பார்க்காத நவநீதகிருஷ்ணனுக்குத் தெரியவில்லை. புதுச் சட்டை, கூலிங் கிளாஸோடு அவர் முன்கதவில் கை வைத்தார். டிரைவர் சின்னான் போனைப் பார்த்தான்.

"லிஸ்ட்டுல உங்க பேரு இல்லீங்களே."

"நான்தாப்பா மொதப் பேரு."

"மொதப் பேரு கந்தப்பன்னு இருக்குதுங்க."

சௌந்திரம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். "நாந்தானுங்க லிஸ்ட்டைத் திருப்பிப் போட்டேன். ரெண்டு கோலன் வெச்சு மைனஸ் ஒண்ணு போட்டா கடைசி ஆளு மொதல்ல வந்துருவாராமா. நீங்க பாதிப் பாடத்துல எந்திரிச்சுப் போயிட்டீங்க. நான் மீதியக் கேட்டேன்."

"எதுக்குத் திருப்புன?"

"பெரியவரு பேரு முன்னால இருந்தாத்தானுங்க மருவாதி. அண்ணன் பூஜ்யத்துக்கு வந்துட்டாரு, நீங்க பன்னெண்டுக்குப் போயிட்டீங்க. நீங்க போட்ட மாதிரியே பன்னெண்டு வரைக்கும்னுதான் கேட்டேன். கம்ப்யூட்டர் உங்களை எடுக்கல. எனக்கும் வருத்தமாத்தான் இருக்குது. தோசை மாவு ஃபிரிட்ஜுல இருக்குதுங்க."

வேனுக்குள்ளிருந்து அத்தனை முகங்களும் அவரையே பார்த்தன. அவர் கூலிங் கிளாஸைக் கழற்றவில்லை. அதுதான் அப்போதைக்கு மானத்தைக் காத்தது. வேன் கிளம்பிப் போயிற்று.

எட்டரை மணிக்கு, மூன்றாவது தோசையும் கல்லோடு ஒட்டிக்கொண்டபோது, மனசு கேட்காமல் போன் போட்டார். வேன் மலையடிவாரத்தில் டீக்கு நின்றிருந்தது.

"என்ன, உங்கண்ணன் முன்சீட்டுல உக்காந்து ஆட்டுக் கதைய ஆரம்பிச்சுட்டாரா?"

"அண்ணன் வரலீங்க. ஆடு குட்டி போடுதுன்னு காலைல ஆறு மணிக்கே போன் பண்ணிட்டாரு."

நவநீதகிருஷ்ணன் தோசைக் கரண்டியைக் கீழே வைத்தார். "ஆறு மணிக்கேவா? அப்பவே என்னை ஏத்தியிருக்கலாமல்ல?"

"லிஸ்ட்டுல யாரும் கை வைக்கக் கூடாதுன்னு போட்டிருந்தீங்களே."

"சரி உடு. இப்ப நான் பஸ்ஸப் புடிச்சு வாரேன். அந்த முன்சீட்டு காலியாத்தான இருக்குது?"

"இல்லீங்க," என்றாள் சௌந்திரம். "அதுல புளிசோத்துக் கூடை உக்காந்திருக்குது."