ஒன்பதாம் பக்கத்து அநியாயம்

தராசுக்காரருடைய மூக்குக் கண்ணாடி உடையக் காரணமான ஆள் ஏழு கடல் தாண்டி இருந்தான். யாரோ ஒரு பெரிய முதலாளி. தன் நாய்க்குப் பிறந்தநாள் என்று ஊரிலிருந்த ஒரே ஆஸ்பத்திரி வாசலை மறித்துப் பந்தல் போட்டுவிட்டானாம். பேப்பரின் ஒன்பதாம் பக்கத்தில் நாலே வரிச் செய்தி. நாலாவது வரியை முடித்ததும் தராசுக்காரர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். வைத்த இடத்திலேயே ஓங்கி ஒரு அறையும் விட்டார்.

கடைகளில் இருக்கும் தராசுகளைப் பழுது பார்ப்பது அவர் தொழில். கடுகளவு எடை குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். அதனாலோ என்னவோ, உலகத்து நியாய அநியாயங்களையும் தாமேதான் நிறுத்துப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். தினமும் காலையில் ஜன்னலோரத்து நாற்காலியில் உட்கார்ந்து, முகம் தெரியாத மந்திரிகளுக்கும் தளபதிகளுக்கும் தண்டனை விதிப்பார். வீட்டில் காற்றும் வெளிச்சமும் வருகிற அறை அது ஒன்றுதான். "கோபப்படுற மனுஷனுக்குக் காத்து வேணும்" என்று சொல்லி அதை எடுத்துக்கொண்டவர் அவர்.

அதற்கு முன்னால் அந்த ஜன்னலோரம் அவர் மனைவியின் தையல் மெஷின் இருந்தது. ஒரு கடைக்குப் பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுப்பவள் அவள். மெஷின் இப்போது குளியலறையை ஒட்டிய இடைவழியில் கிடந்தது. கருநீலத் துணியில் கருநீல நூல். பகலெல்லாம் பல்பு எரிந்தும் தையல் போகிற பாதை தெரியாது. கோணல் தையல் என்று கடைக்காரர் துணிகளைத் திருப்பி அனுப்பியிருந்தார். இன்னொரு தடவை கோணினால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். அவளும் கேட்டுப் பார்த்துவிட்டாள். "பார்க்கலாம்" என்பார், பக்கத்தைத் திருப்புவார். கோபம் அவளுக்கும் வந்தது. அதற்குத்தான் வீட்டில் இடமில்லை.

"இந்தா, கண்ணாடி போச்சு, கொஞ்சம் வந்து படி. ஒன்பதாம் பக்கம்" என்று தராசுக்காரர் கூப்பிட்டார்.

"தைக்கிற வேலை கெடக்குதுங்க."

"உலகமே பத்தி எரியுது, உனக்குத் தையல்தான் பெருசா?"

அவள் ஊசியைத் துணியில் நறுக்கென்று குத்திவிட்டு வந்தாள். விளையாட்டுப் பக்கத்தை வாங்கிப்போக வந்த பக்கத்து வீட்டு பஸ் கண்டக்டரும் வாசற்படியில் நின்றார்.

"ஒரு நாட்டுல வேலை நேரத்துல கொட்டாவி விட்டா சம்பளத்துல பிடிப்பாங்களாம்."

"அந்த மேனேஜர் வாயைத் தைக்கணும்!"

"இன்னொரு நாட்டுல, மந்திரி வர்றாருன்னு காஞ்ச புல்லுக்கெல்லாம் பச்சை பெயிண்ட் அடிச்சாங்களாம். அதைத் தின்ன ஆடெல்லாம் செத்துப் போச்சாம்."

"மந்திரிக்கு ஒரு வாளி பெயிண்டைக் குடிக்கக் குடு!"

"அண்ணே, தெருமுனை வரைக்கும் கேக்குது" என்றார் கண்டக்டர்.

"கேக்கட்டும்!"

அவள் பேப்பரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "அடுத்தது ரொம்ப மோசமா இருக்குங்க. படிக்கவா, வேண்டாமா?"

"மோசமானதைத்தான் படிக்கணும். படி!"

"ஒரு நாட்டுல ஒரு பொம்பளை துணி தைக்கிறாளாம். அவ உக்கார்ற எடத்துல ஜன்னலே இல்லையாம். ஒட்டினாப்ல பாத்ரூம். கால்ல எந்நேரமும் ஈரமாம்."

"அடப்பாவி!"

"கண்ணு எரியுதாம். தையல் கோணுதாம். அங்கேயே நல்ல வெளிச்சமா ஒரு ரூம் இருக்காம். கேட்டும் பாத்தாளாம்."

"குடுத்தானா?"

"‘பார்க்கலாம்’னானாம்."

"பார்க்கலாமாம்ல! என்ன திமிரு! அந்த ரூம்ல யாரு இருக்கான்?"

"ஒரு ஆளு நாற்காலி போட்டு உக்காந்திருக்கானாம்."

"உக்காந்து என்ன பண்றான்?"

"கத்துறானாம்."

கண்டக்டருக்கு இருமல் வந்தது. தராசுக்காரர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தன. எழுந்து நின்று தாம்தூம் என்று குதித்தார்.

"கேக்க நாதியில்லையா? அக்கம்பக்கத்துல இருக்கிறவன் என்ன பண்றான்?"

"நமக்கெதுக்கு வம்புன்னு இருந்திருப்பான், அண்ணே."

"அவனையும் சேத்து உதைக்கணும்!"

கண்டக்டர் ஓரடி தள்ளி நின்றுகொண்டார்.

"சரி, உங்க தீர்ப்பு என்னங்க?" என்றாள் மனைவி.

"அந்த நாற்காலியைத் தூக்கி பாத்ரூம் பக்கம் போடணும். அந்தம்மா மெஷினை ஜன்னலோரம் வைக்கணும். அவன் ஈரத்துல உக்காந்து பாக்கட்டும்! இதை இன்னிக்கே செய்யலேன்னா அவன் மனுஷனே இல்ல!"

"அப்பீல் உண்டா?"

"கெடையாது!"

அவள் பேப்பரை மடித்து வைத்தாள். "தம்பி, மெஷினோட அந்தப் பக்கத்தைப் பிடிங்க."

உதைக்குப் பயந்த கண்டக்டர் அதற்குள் இடைவழிக்கே போய்விட்டார்.

தராசுக்காரருக்கு விஷயம் மெல்லத்தான் ஏறியது. முதலில் இடைவழியைப் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பார்த்தார். பேப்பரை எடுத்து மூக்கோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். எழுத்தெல்லாம் எறும்பாக ஊர்ந்தன.

"இது எந்த நாடு?"

"பேரு போடலைங்க."

"ஏய், என்ன விளையாட்டா? வெளிநாட்டு விவகாரத்துக்குச் சொன்ன தீர்ப்பை வீட்டுக்குள்ள கொண்டு வருவியா?"

மெஷினை அவள் கீழே வைத்தாள். அவள் குரல் அந்த வீட்டில் அவ்வளவு உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

"ரெண்டு வருஷமா அந்த ஈரத்துல உக்காந்து கண்ணைக் கெடுத்துக்கிறேன். உங்க காதுல ஏறலை. எவனோ நாய்க்குப் பந்தல் போட்டான்னு இங்க கண்ணாடி உடையுது. எனக்காக இந்த வீட்டுல ஒரு டம்ளராவது உடைஞ்சிருக்கா?"

உலகத் தலைவர்களையெல்லாம் நடுங்கவைத்தவருக்குக் காது இரண்டும் சிவந்துவிட்டன. கடைசியில் தம் நாற்காலியைத் தாமே தூக்கிக்கொண்டு இடைவழிக்குப் போனார்.

மறுநாள் புதுக் கண்ணாடி வந்தது. ஆனால் அந்த இடைவழி வெளிச்சத்தில் கண்ணாடி போட்டும் ஒரு வரியும் தெரியவில்லை. செய்தி வேண்டுமென்றால் மனைவி படித்தால்தான் உண்டு. ஜன்னலோரம் மெஷின் தடதடவென்று நேராக ஓடியது. அது நின்றது. பேப்பர் பிரிகிற சத்தம் கேட்டது.

"ஏங்க, இன்னிக்கு ஒன்பதாம் பக்கத்துல ஒரு அநியாயம். ஒரு நாட்டுல ஒரு புருஷன், சாப்பிட்ட தட்டை அப்படியே மேஜைமேல..."

"கழுவிட்டேன்!" என்றது இடைவழி.