யாரும் எழுந்து போகவில்லை

"டாக்டர், என்னுது கறுப்பாவே இருக்கு."

சொன்னவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பஸ் டிரைவர். மீசை இரண்டு பக்கமும் கன்னத்தில் ஏறி நின்றது. அவர் கையில் அந்தக் கேம் கன்சோல் தீப்பெட்டி மாதிரி தெரிந்தது.

பல் டாக்டர் ஓடிப்போய்ப் பார்த்தாள். வகுப்பு தொடங்கி ஒரு டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் முதல் சிக்கல்.

பகலெல்லாம் பல் பிடுங்குகிறவளுக்கு, மீதி நேரத்தில் இந்தக் கன்சோல்தான் பைத்தியம். கடையில் வாங்கின ஆட்டத்தைப் போட்டு ஆடுகிற சாமான் இல்லை அது. நாமே ஆட்டத்தை எழுதி, நாமே ஓடவிட்டு, நாமே ஆட வேண்டும். எழுதுவதற்குத் திரைக்குக் கீழே குட்டி குட்டியாகப் பட்டன்கள். அவளைப் போன்ற பைத்தியங்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். புதியவர்களுக்காக அந்தக் குழு நடத்திய போன வகுப்பில் பாதிப் பேர் பாதியில் எழுந்து போய்விட்டார்கள். போகிற போக்கில் ஒருத்தர் கன்சோலை ஜன்னல் வழியாக வீசிவிட்டும் போனார்.

"இந்தத் தடவை ஒருத்தர் எழுந்து போனாலும் வகுப்பையே மூடிடலாம்" என்று குழுத் தலைவர் சொல்லிவிட்டார். "அதுவும் சொல்லித் தரப்போறது நீங்க. அதான் எனக்குப் பயமா இருக்கு."

காலையில் வீட்டுக்காரர் இன்னும் ஒரு படி மேலே போனார். "எனக்குக் கார் ஓட்டக் கத்துக் குடுத்தியே, மறந்துட்டியா? நடு ரோட்டுல இறக்கி விட்டுட்டு நீ பாட்டுக்குப் போயிட்டே."

அதனால்தான், சமூகக் கூடத்தின் கீழ்த்தள அறைக்குள் லேட்டாக, மூச்சிரைக்க நுழைந்தவள், பேர் ஊர்கூடக் கேட்காமல் ஆளுக்கொரு கன்சோலைக் கையில் திணித்துவிட்டு முதல் வேலையாகச் சொன்னாள்: "முதல் நாள் யாருக்கும் சரியா வராது. கோபம் பொத்துக்கிட்டு வரும். வரட்டும். எழுந்து மட்டும் போயிடாதீங்க."

எல்லோரும் பயபக்தியாகத் தலையாட்டினார்கள். கறுப்புக் கோட்டு வக்கீல் ஒருத்தர் அதை எழுதியே வைத்துக்கொண்டார்.

எழுதவேண்டியதும் பெரிய ஆட்டம் ஒன்றுமில்லை. திரையின் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி வரவேண்டும். சுவருக்குச் சுவர் முட்டித் திரும்பவேண்டும். அவ்வளவுதான்.

"அடைப்புக்குறியை மூடாம விட்டுட்டீங்க" என்றாள் டிரைவரிடம்.

"மூடினேன் டாக்டர். என் விரல் ஒண்ணை அமுக்கினா மூணு பட்டன் சேந்து அமுங்குது."

அவர் ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டினார். முருங்கைக்காய் பருமன். டாக்டர் ஒரு பென்சிலைக் கொடுத்தாள். பென்சில் முனையால் குத்திக் குத்தி அடைப்புக்குறியை மூடினார். திரையில் புள்ளி வந்தது.

"வந்துடுச்சு! ஆனா சும்மா நிக்குதே?"

"நகர வைக்கலாம். எல்லாரும் இந்த ஒரு வரியைச் சேருங்க."

சேர்த்தார்கள். அறை முழுக்கப் புள்ளிகள் விருட்டென்று கிளம்பித் திரையைவிட்டே போய்விட்டன.

"என்னுது எங்கே?" என்றார் வங்கி அதிகாரி அம்மா. மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஆளைப் பார்க்கிற பார்வை அவருக்கு.

"வெளியில போயிடுச்சு மேடம்."

"எப்ப வரும்?"

"வராது. அது பாட்டுக்குப் போயிட்டே இருக்கும். திரும்புன்னு நாம சொன்னாத்தான் திரும்பும்."

வங்கியம்மாவின் கையில் ஏதோ படக்கென்றது. பென்சில் இரண்டு துண்டு. அவர் கண்ணை மூடினார், திறந்தார், துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

டாக்டரின் பார்வை கதவுக்கு ஓடியது. பின்வரிசையில் யாரோ பல்லைக் கடிக்கிற சத்தம் வேறு. அந்தச் சத்தம் எந்தப் பல்லிலிருந்து வருகிறது என்பதுவரை அவளுக்குத் தெரியும். இவர்களை உடனே குஷிப்படுத்தியாக வேண்டும்.

"சுவர்ல முட்டினா திரும்பட்டும். திரும்பும்போது 'டிங்'னு ஒரு சத்தமும் போடலாம். ஜாலியா இருக்கும்!"

அங்கேதான் கெட்டது. புள்ளி போய்ச் சுவரில் முட்டியது. திரும்பவில்லை. பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நடுங்கியது. ஒவ்வொரு நடுக்கத்துக்கும் ஒரு 'டிங்'. டிங்டிங்டிங்டிங் என்று அத்தனை கன்சோலும் ஒரே சமயத்தில் அலறின.

"நிறுத்துறது எப்படி?" என்று கத்தினார் வக்கீல். கத்திய கையோடு வாயைப் பொத்திக்கொண்டார். "மன்னிக்கணும். தெரியாம சத்தம் போட்டுட்டேன்."

எவ்வளவு தங்கமான மனுஷன் என்று டாக்டர் உருகிப்போனாள். "பரவாயில்ல சார்! எல்லாரும் வலது பக்கம் இருக்கற ரெண்டு பட்டனையும் சேத்து அமுக்குங்க!"

சத்தம் நின்றது. அறையே பெருமூச்சு விட்டது.

பிறகு டிரைவர் மெதுவாகக் கேட்டார். "டாக்டர், நான் எழுதினது எதையும் காணோமே?"

டாக்டர் தன் கன்சோலைத் திருப்பிப் பார்த்தாள். நிறுத்திவிட்டுத் திரும்ப ஓடவைப்பது இடது பக்கத்துப் பட்டன்கள். வலது பக்கத்தவை, உள்ளே இருக்கிறதையெல்லாம் துடைத்து வழித்துவிடுகிறவை.

"எல்லாம் அழிஞ்சிடுச்சு" என்றாள். "என் தப்புதான். முதல்லேருந்து எழுதணும்."

டிரைவர் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. கன்சோலைப் பிடித்த கை தலைக்கு மேலே உயர்ந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. டாக்டர் ஜன்னலைப் பார்த்தாள். நல்லவேளை, மூடித்தான் இருந்தது. அப்படியென்றால் சுவர்தான்.

உயர்ந்த கை அங்கேயே நின்றது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கன்சோலை முட்டை வைப்பதுபோல மேஜைமேல் வைத்தார். விழுந்த நாற்காலியைத் தானே நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தார்.

"சொல்லுங்க டாக்டர். முதல் வரி என்ன?"

பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். எதற்கென்று அவளுக்குப் புரியவில்லை.

திரும்ப எழுதினார்கள். இந்தத் தடவை கறுப்பாகவே இருந்தது டாக்டரின் கன்சோல். அழித்தாள், எழுதினாள். மறுபடி கறுப்பு. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காது மடல் சுட்டது.

"டாக்டர், அடைப்புக்குறி..." என்று ஆரம்பித்தார் வக்கீல்.

"எனக்குத் தெரியும்! நீங்க ஒண்ணும் எனக்குச் சொல்லித் தர..."

"டாக்டர்" என்றார் வங்கியம்மா, குழந்தையிடம் பேசுகிற மாதிரி. "மூச்சை இழுங்க. மெதுவா விடுங்க. நாங்களும் கூட விடறோம்."

அறை மொத்தமும் ஒன்றாக மூச்சை இழுத்தது, ஒன்றாக விட்டது. டாக்டரும் இழுத்தாள், விட்டாள். குனிந்து பார்த்தாள். அடைப்புக்குறியைத்தான் மூடவில்லை.

மூடினாள். புள்ளியைச் சுவரிலிருந்து கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிவிட்டுத் திருப்புகிற வரியையும் சேர்க்கச் சொன்னாள். முதலில் ஓடியது டிரைவருடையது. புள்ளி போய் முட்டி, டிங் என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு, சமர்த்தாகத் திரும்பி வந்தது.

"வருது! டாக்டர், திரும்பி வருது!"

அந்த மீசைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு அடுத்து வங்கியம்மா, பிறகு வக்கீல், பிறகு எல்லோருடையதும்.

வகுப்பு முடிந்தது. ஒருத்தர்கூட எழுந்து போகவில்லை. டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. குழுத் தலைவருக்கு இப்பவே போன் போட்டு, அவர் பேசினதையெல்லாம் திருப்பிக் கொடுக்கவேண்டும். அதற்கப்புறம் வீட்டுக்காரர்.

டிரைவர் அவள்முன் வந்து கைகூப்பினார். "எங்க வீட்டம்மா நேர்ல பாத்திருந்தாலும் நம்பமாட்டா டாக்டர். இதுக்கு முன்னாடி போன இடத்துலல்லாம் சும்மா பேசுவாங்க. நீங்கதான் செஞ்சு காட்ட வச்சீங்க."

"அடுத்த வாரமும் இதே மாதிரி கஷ்டமா குடுங்க" என்றார் வங்கியம்மா.

"நான் வந்ததுக்கு ஒரு சான்றிதழ் வேணும்" என்றார் வக்கீல், குரலைத் தாழ்த்தி. "ஒரு இடத்துல காட்டியாகணும்."

"தாராளமா!" என்றாள் டாக்டர், பூரித்துப்போய்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு கூடத்துக் காவலாளி ஓடிவந்தார். சட்டைப் பட்டன் ஒன்று பிய்ந்து தொங்கியது. மாடியில் ஏதோ தடாலென்று விழுகிற சத்தம் கேட்டது.

"டாக்டரம்மா, இங்கயா இருக்கீங்க? கேம் எழுதக் கத்துக்க வந்தவங்க, மாடி ரூம்ல உங்களைக் காணோம்னு நாற்காலியைத் தூக்கி அடிக்கறாங்க. இவங்க, கோபத்தை அடக்கக் கத்துக்கிட்டு வான்னு கோர்ட்டு அனுப்பி வச்சவங்களாச்சே!"