மூக்கண்டப்பள்ளியில் ஒரு நோடு

தப்பு என்மேல் இருக்கும்போதுதான் எனக்குக் குரல் அதிகம் உயரும். இதை எனக்குப் புரியவைத்தவர் ஒரு கேபிள்காரர்.

அப்போது ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். பேக்டரியில் மெஷின் ரிப்பேர் வேலை. வீட்டுக்கு வந்தால் கிரிப்டோ வீடியோ. காயின் வாங்கத் துணிச்சல் இல்லை. (மனைவி பிரேமாவிடம் கேட்க வேண்டுமே!) அதனால் சேவையில் இறங்கினேன். கிரிப்டோவின் கணக்குப் புத்தகம் உலகமெங்கும் பல கம்ப்யூட்டர்களில் நகலாக இருக்கும். அப்படி ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொண்டு, கேட்கிற கம்ப்யூட்டருக்கெல்லாம் அனுப்பிக்கொண்டே இருப்பதுதான் நோடு. பைசா வராது. நெட்வொர்க் வலுப்பெறுமாம். (நான் வலுப்பெற மாட்டேன்.)

ஒரு பழைய கம்ப்யூட்டரை ஃபிரிட்ஜ் பக்கத்தில் வைத்து, பெரிய ஹார்டு டிஸ்க் மாட்டி, வெளியாட்கள் உள்ளே வர ரூட்டரிலும் வழி திறந்துவிட்டேன். முழுக் கணக்கும் இறங்கப் பல நாள் ஆகும். நடுவில் பிரேமா சட்னி அரைக்க பிளக்கைப் பிடுங்கினாள். ஃபைல் கெட்டு, திரும்ப முதலிலிருந்து. மறுவாரமும் பிடுங்கினாள்.

"உனக்கு அறிவிருக்கா?" என்று கத்தினேன்.

"மிக்சிய எங்க சொருகறது? உங்க தலையிலயா?"

நியாயமான கேள்வி. அன்று அப்படித் தோன்றவில்லை என்பதுதான் இன்றும் எரிகிறது.

மூன்றாம் முறை முழுதாக இறங்கிவிட்டது. அந்த வாரமே மைத்துனி ரூபாவுக்கு ஒரு பெங்களூர் கம்பெனியில் ஆன்லைன் இன்டர்வியூ. கெலமங்கலத்தில் அவர்கள் வீட்டில் சிக்னல் சரியில்லை என்று மாமியாரோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். படிப்பு முடித்து வேலை தேடியலைந்தவள், முதன்முறையாகக் கடைசிச் சுற்று வரை வந்திருந்தாள்.

"மாமா, அந்த மெஷின ஆஃப் பண்ணிட்டீங்களா?"

"பண்ணிட்டேம்மா."

ஆஃப் பண்ணியது மானிட்டரை மட்டும். அரை மணி நேரத்தில் என்ன ஆகிவிடும் என்ற திமிர். அன்றைய என்னை இன்று நேரில் பார்த்தால் அறைந்துவிடுவேன்.

மூன்றாவது கேள்வியில், திரையில் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த அதிகாரியின் முகம் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. "சார், கேக்குதா சார்?" என்று ரூபா கேட்டுக்கொண்டே இருந்தாள். வீடியோ காலை விட்டு வெளியே வந்து மறுபடி உள்ளே போனாள். மறுபடி நின்றது. கடைசியில் அந்தப் பக்கமே முடித்துக்கொண்டார்கள். ரூபா மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

எனக்கு வந்ததே கோபம்! நெட் லைன் கொடுத்த கேபிள்காரர் மஞ்சுவுக்குப் போன் போட்டேன். "ஒரு புள்ளயோட வாழ்க்கையில விளையாடறீங்களாய்யா? இப்பவே வா!"

கை நிறையத் தூசியோடு ஓடி வந்தார். ரூட்டரைப் பார்த்தார். செல்லில் எதையோ தட்டினார்.

"லைன் நல்லா இருக்கு சார். உங்க வீட்ல இருந்துதான் லைனை அடைச்சுக்கிட்டு நிக்காம டேட்டா வெளிய போயிட்டிருக்கு."

"யாருக்குப் போகுது?"

"யார் யாருக்கோ." ஒயரைப் பிடித்தபடியே ஃபிரிட்ஜ் வரை போய், கம்ப்யூட்டர் மேல் கையை வைத்தார். "சூடா ஓடுதே சார்?"

"ஆஃப் பண்ணிட்டேன்னு சொன்னீங்களே மாமா" என்றாள் ரூபா. அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

நான் என்ன செய்தேன்? மஞ்சுவைப் பார்த்து, "இதைக்கூடத் தாங்காத லைனையா கொடுத்தீங்க?" என்று கத்தினேன்.

"ஸ்வல்ப மெதுவா சார். எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்றார் மஞ்சு, கன்னடம் கலந்த தமிழில்.

பிரேமா பிளக்கைப் பிடுங்கினாள். அதன்பிறகு அது மாட்டப்படவே இல்லை.

ரூபா அந்தக் கம்பெனிக்கு மெயில் போட்டாள், பதில் வரவில்லை. மஞ்சுவிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு வாரம் ஆனது. ரூபாவிடம் கேட்க அதைவிட அதிக நாள். அடுத்த வருடம் அவளுக்கு ஓசூரிலேயே வேலை கிடைத்தது. அதில் என் சேவை எதுவும் இல்லை.

இன்றைக்கும் கல்யாண வீடுகளில் மாமியார் என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறார்: "இவருதான் எங்க பெரிய மாப்ள. முன்னபின்ன தெரியாதவங்களுக்குக்கூட ஓடி ஓடி உதவி பண்ணுவாரு." விஷயம் தெரியாதவர்கள் பயபக்தியோடு கும்பிடுகிறார்கள். ரூபா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். நானும் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு, குரலை உயர்த்தாமல் பந்திக்குப் போய்விடுகிறேன்.