ஆமத்தூர் பாரந்தூக்கித் திருப்பணி

பாரம் தூக்கும் கலை உலக வரலாற்றில் இரண்டு முறைதான் உச்சத்தைத் தொட்டிருக்கிறது. முதல் முறை தஞ்சாவூர்க் கோபுரத்தில். இரண்டாம் முறை ஆமத்தூரில், தங்கச்சாமி அண்ணாச்சி வீட்டுக் கொல்லையிலுள்ள தகரக் கொட்டகையில். முன்னதைக் கட்டியபோது நான் பிறக்கவில்லை. பின்னதற்கு நானே செயலாளர்.

அண்ணாச்சி சிவகாசியில் ஓர் அச்சகத்தில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சும்மா இருக்கப் பிடிக்காமல் வீட்டிலேயே பழைய லேத்து ஒன்றைப் போட்டு, அச்சு இயந்திர உருளைகளைக் கடைந்து கொடுக்கிறார். உருளை ஒவ்வொன்றும் நெல் மூட்டைக் கனம். லேத்தில் ஏற்றும்போது ஒரு முனையை அண்ணாச்சி பிடிப்பார். மறுமுனையை அவர் மனைவி சொர்ணலட்சுமி பிடிப்பார். பங்குனியில் மறுமுனைக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. இனிமேல் கனம் தூக்கினால் ஆபரேஷன்தான் என்று விருதுநகர் டாக்டர் சொல்லிவிட்டார்.

அண்ணாச்சி ஆடிப்போனார். சொர்ணம் இனி ஒரு துரும்பையும் தூக்கக் கூடாது, சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் செயின் பிளாக் ஒன்று கட்டியே தீருவேன் என்று அறிவித்தார். செத்துப்போன மனைவிக்கு மாளிகை கட்டியவர்கள் உண்டு. உயிரோடு இருப்பவருக்கு இரும்பிலேயே கட்ட முன்வந்தவர் எங்கள் அண்ணாச்சி ஒருவர்தான்.

உடனே 'திட்டக் குழு' அமைந்தது. அண்ணாச்சி தலைவர். வெல்டிங் பட்டறை மணிமுத்து தொழில்நுட்ப ஆலோசகர். ஃபிளெக்ஸ் அடிக்கும் காளிராஜ் விளம்பரப் பிரிவு. பயனாளியைக் குழுவில் சேர்ப்பது மரபல்ல என்பதால் சொர்ணலட்சுமி டீ போட்டார்.

இரும்புச் சட்டங்கள் தெருவில் வந்து இறங்கின. அவற்றைக் கொட்டகைக்குள் கொண்டுவர எங்களிடம் பாரந்தூக்கி கிடையாது, அதைத்தானே கட்டப்போகிறோம். ஆகவே 'இடைக்கால ஏற்பாடாக' சொர்ணலட்சுமி ஒரு முனையைப் பிடித்தார். இரும்புக் கால்களை நிறுத்தி மேல் சட்டத்தை ஏற்றியபோதும் பிடித்தார். மணிமுத்துவுக்குக் கழுத்து வலி. காளிராஜ் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். எனக்கோ மினிட்ஸ் எழுதும் பொறுப்பு.

அடுத்து 'பாதுகாப்புச் சோதனை'. எங்கள் வட்டாரத்தில் பாதுகாப்பு விளையாட்டுக் காரியமல்ல. எல்லாப் பட்டாசுக் கம்பெனிச் சுவரிலும் எழுதி வைத்திருக்கிறோம். கனமாக எதையாவது தொங்கவிட்டுப் பார்த்தாக வேண்டும் என்றார் ஆலோசகர். சொர்ணலட்சுமி வீட்டுக்குள்ளிருந்து அரிசி மூட்டையை இழுத்து வந்தார். பாரந்தூக்கி அதை ஒரு முழம் உயர்த்தியது. கைதட்டினோம். மூட்டை மறுபடி வீட்டுக்குள் எப்படிப் போனது என்பது மினிட்ஸில் இல்லை.

"இன்னும் கொஞ்ச நாள்தான் மதினி. பெறகு நீங்க கையக் கட்டிக்கிட்டு இருக்கலாம்" என்றார் மணிமுத்து.

மதினியின் கை இடுப்பைப் பிடித்திருந்ததால் கட்டிக்கொள்ளத் தோதுப்படவில்லை.

ஆயுத பூஜையன்று திறப்பு விழா. காலண்டர் சீசனாயிற்றே, முந்தின நாளே அச்சகத்து வேன்காரர்கள் ஓர் உருளையைக் கொட்டகை நடுவில் இறக்கிப் போட்டுப் போயிருந்தார்கள். லேத்து, கிரைண்டர், சுத்தியல் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். பாரந்தூக்கிக்கு மாலை போட்டு வாழைக்கன்று கட்டினோம். ஃபிளெக்ஸில் குழுவினர் நால்வரும் சிரித்துக்கொண்டிருந்தோம். சூடம் காட்டி முடிந்தது. வந்தவர்களுக்குப் பந்தி விரிக்கலாமென்றால் உருளை குறுக்கே கிடந்தது.

அதற்கு நேர் மேலே கொக்கி தொங்கியது. நான் சங்கிலியில் கை வைக்கப் போனேன். அண்ணாச்சி பதறிப்போய்த் தடுத்தார்.

"பொட்டு வச்ச மெஷினை இன்னைக்கு வேலை வாங்கக் கூடாதுய்யா, சாமி குத்தமாயிரும். ஏ சொர்ணம், இங்கன வந்து ஒரு முனையப் புடி."

சொர்ணலட்சுமி வந்தார். கொக்கியைப் பார்த்தார், உருளையைப் பார்த்தார், எங்களையும் பார்த்தார். பூஜைத் தட்டிலிருந்து சந்தனத்தை எடுத்து இரண்டு புறங்கைகளிலும் தடவி, நடுவில் குங்குமம் வைத்தார். பிறகு நிதானமாக அந்த உருளையின் மேலேயே உட்கார்ந்தார்.

"இந்த மெஷினுக்கும் பொட்டு வச்சாச்சு. நாளைக்கு ஓடுமான்னு டாக்டரைக் கேட்டுச் சொல்றேன். நீங்க பந்திக்கு ஆக வேண்டியதப் பாருங்க" என்றார்.

அண்ணாச்சி எங்களைப் பார்த்தார். நாங்கள் ஃபிளெக்ஸைப் பார்த்தோம்.

நியாயப்படி பார்த்தால் சாமி குத்தம் எதுவும் வராமல் நாங்கள் நால்வருமே அந்த உருளையைத் தூக்கியிருக்கலாம். ஆண்டு முழுக்க உழைத்ததற்குத்தான் அன்று பொட்டு வைப்பது வழக்கம். எங்கள் கைகளில் யாரும் வைத்திருக்கவில்லை.